கியோனில் நடக்க வழிகாட்டி வேண்டுமா? எந்த நடை, எந்த நேரம், எத்தனை பேர்

ஜப்பானின் கியோட்டோவுக்குப் போகிறவர்கள் ஒரு மாலையை, அங்கே பாட்டும் ஆட்டமும் வாழும் பழைய கலைஞர் வட்டாரமான கியோனுக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த மாலையை எப்படிக் கழிப்பது என்பதில்தான் குழப்பம். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் இருபது, முப்பது பேராகப் போகலாம். எட்டு, பத்துப் பேர் மட்டும் கொண்ட சிறு குழுவில் சேரலாம். குடும்பத்துக்கென்று தனி வழிகாட்டி வைத்துக்கொள்ளலாம். காதில் ஒலிப்பதிவை மாட்டிக்கொண்டோ, வெறும் வரைபடத்தோடோ நீங்களே சுற்றலாம். எல்லா வகையும் ஏறக்குறைய அதே தெருக்களில்தான் போகின்றன. கிடைப்பது மட்டும் மிகவும் வேறுபடுகிறது.

எங்கள் பரிந்துரை இது: தெருவைப் புரிந்துகொள்ளப் பிற்பகலில் சிறு குழுவோடு நடங்கள், மைகோவின் (பயிற்சியில் இருக்கும் இளம் ஆட்டக் கலைஞரின்) ஆட்டத்தைப் பார்க்க அரங்கத்துக்குச் சீட்டு வாங்குங்கள், இரவில் ஷிரகாவா ஓடைப் பக்கம் வழிகாட்டி இல்லாமல் போங்கள். இந்த மூன்றையும் ஒரே மாலை நடையில் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள்.

வழிகாட்டி எதற்குத் தேவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். கியோன் சாத்திய கதவுகளின் ஊர். யசகா கோயிலுக்கு வந்த பக்தர்களுக்குத் தேநீர் கொடுத்த கடைகளாகத் தொடங்கி, பின்னால் இசையும் ஆட்டமும் நடக்கும் விருந்து வீடுகளாக மாறிய இடங்கள் இவை. இந்த வீட்டுக்கு ஒச்சாயா என்று பெயர். அங்கே சமையல் கிடையாது. உணவு வெளியிலிருக்கும் சமையல்கூடத்திலிருந்து வரும். மைகோவும், பயிற்சி முடித்த கலைஞரான கெய்கோவும் அங்கே குடியிருப்பதில்லை. பயிற்சியில் இருக்கும் மைகோக்கள் ஒகியா என்னும் தனி வீட்டில் தங்கி, அழைப்பு வந்தால் ஒச்சாயாவுக்குப் போகிறார்கள். அறிமுகம் இல்லாத புது ஆளை ஒச்சாயா உள்ளே விடாது. இதைத் திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது கணக்கு வழக்கு சார்ந்த ஏற்பாடு: அன்றைய சாப்பாடு, கலைஞர்களின் கட்டணம், டாக்ஸி என எல்லாச் செலவையும் வீடு முதலில் தானே கட்டிவிட்டு, பிறகுதான் வாடிக்கையாளருக்குப் பில் அனுப்பும். தெரியாத ஆளுக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

இதையெல்லாம் தெருவில் நின்று பார்த்தால் தெரியாது. மரக் கம்பித் தட்டி, மாடியில் தொங்கும் நாணல் திரை, சுவரோரம் வளைத்து வைத்த மூங்கில் தடுப்பு, வாசலில் சிறு பெயர்ப் பலகைகள், இவைதான் கண்ணில் படும். அந்த மூங்கில் தடுப்பு மழைச் சேறும் நாயும் சுவரைக் கெடுக்காமல் காப்பதற்கு. பெயர்ப் பலகை ஒகியாவில் இருக்கும் பெண்களின் தொழிற்பெயரைச் சொல்கிறது. வெள்ளை விளக்கில் கோர்த்த சிவப்பு உருண்டைகள் வரைந்திருந்தால் நீங்கள் நிற்பது கியோன் கோபு பகுதி. கடற்கரைப் பறவையான சிடோரியின் உருவம் இருந்தால் ஆற்றைக் கடந்து, இன்னொரு கலைஞர் வட்டாரமான பொன்தோச்சோவுக்கு வந்துவிட்டீர்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இந்த எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாடத்துக்குத்தான்.

குழுவின் அளவு

விலையைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'அதிகபட்சம் எத்தனை பேர்?' என்பது. பன்னிரண்டைத் தாண்டினால் பின்வரிசைக்குக் குரல் கேட்காது. கியோனில் வழிகாட்டி உரக்கப் பேச முடியாது. மரச் சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஹனமிகோஜித் தெருவில் டாக்ஸிகள் ஓடிக்கொண்டே இருப்பதால் இருபத்தைந்து பேர் ஓரிடத்தில் நின்றால் தெருவே அடைத்துக்கொள்ளும். ஆகவே பெரிய குழுவை நடத்துபவர் நிற்க இடமிருக்கும் நான்கு, ஐந்து இடங்களில் மட்டும் நின்று பேசிவிட்டு, நடுவே வேகமாக நடத்திக் கூட்டிப்போவார். கம்பித் தட்டியின் வேறுபாடும் பெயர்ப் பலகையும் அந்த நடுவே உள்ள தூரத்தில்தான் இருக்கின்றன.

சில பெரிய குழுக்களில் வழிகாட்டி சிறு மைக்கில் மெதுவாகப் பேச, ஒவ்வொருவருக்கும் காதில் மாட்டிக் கேட்கும் கருவி கொடுப்பார்கள். குரல் பிரச்சினை அதனால் தீரும். நிற்கும் இடப் பிரச்சினை தீராது.

'கட்டணமில்லை, முடிவில் விரும்பியதைக் கொடுங்கள்' என்ற வகையும் கியோட்டோவில் உண்டு. ஜப்பானில் டிப்ஸ் வழக்கம் கிடையாது என்றாலும் இந்த நடைகளில் வழிகாட்டியின் வருமானமே அதுதான். ஒன்றும் கொடுக்காமல் நகர்ந்துவிடுவது சரியல்ல. வருமானம் தலை எண்ணிக்கையைச் சார்ந்திருப்பதால் குழு பெருத்துக்கொண்டே போகும் ஆபத்தும் இந்த வகையில் அதிகம். தனியாகப் பயணம் செய்யும் மாணவருக்கு இது நல்ல தொடக்கம். குழந்தையோடு வருபவருக்கும், கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கும் ஒத்துவராது.

தனி வழிகாட்டியின் விலையைப் பார்த்தவுடன் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் குழுவுக்கு, தலைக்கு அல்ல. இரண்டு பேருக்கு அது செலவுதான். நான்கு, ஐந்து பேர் சேர்ந்தால் சிறு குழு நடையின் தலைக்கட்டணத்துக்கு அருகில் வந்துவிடும். பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்: நடையின் வேகமும் உட்காரும் இடமும் உங்கள் கையில் இருக்கும்.

ஒரு விவரம் முக்கியம். 2018 ஜனவரிக்கு முன்பு ஜப்பானில் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டு மொழியில் வழிகாட்ட அரசு உரிமம் கட்டாயம். சட்டம் திருத்தப்பட்ட பிறகு யாரும் செய்யலாம். ஆனால் தேர்வெழுதிப் பதிவு செய்தவர்கள் மட்டுமே 'அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி' என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். உரிமம் இல்லாதவர் மோசமானவர் என்று பொருளில்லை. அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர் தேர்வெழுதாமல் இருக்கலாம். ஆனால் யாரென்றே தெரியாதவரை அமர்த்தும்போது உரிமம் ஒரு குறைந்தபட்ச உறுதி.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. 'கெய்கோ என்றால் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். கியோனை விலைமாதர் பேட்டையாகச் சுவையூட்டிச் சொல்கிறவரை விட்டுவிடலாம். உரிமம் பெற்ற அந்தப் பேட்டை ஊரின் மேற்கே இருந்த ஷிமபாரா. வரலாறு தூய்மையானது என்று யாரும் சொல்லவில்லை; ஆனால் ஆட்டமும் ஷாமிசென் என்னும் தந்தி வாத்திய இசையும் ஆண்டுக்கணக்கில் கற்று வாழும் இன்றைய பெண்களைப் பற்றி அப்படிப் பேசுவது பிழை, அவமதிப்பும்கூட. நல்ல வழிகாட்டி படிநிலையைச் சொல்வார்: பதினைந்து வயதுக்கு மேல் ஒகியாவில் சேர்ந்து எடுபிடிப் பயிற்சி, பிறகு ஏறத்தாழ ஐந்து ஆண்டு மைகோ, இருபது வயதை ஒட்டிக் கழுத்துப்பட்டியின் நிறம் மாறிக் கெய்கோ.

நேரம்

பெரும்பாலான நடைகள் மாலை ஐந்து, ஐந்தரைக்குத் தொடங்குகின்றன. காரணம் வெளிப்படை: மைகோக்கள் விருந்துக்குக் கிளம்பும் நேரம் அதுவே. ஆனால் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து சென்டிமீட்டர் உயரக் கட்டைச் செருப்பில், பின்னால் நீளமாகத் தொங்கும் ஓபி என்னும் இடைக்கச்சையோடு, வேகமாக நடந்து கதவுக்குள் மறைந்துவிடுவார்கள். பார்க்கக் கிடைப்பது சில நொடி, அதுவும் கிடைத்தால்தான். அந்தச் சில நொடிக்காக முப்பது கைப்பேசிகள் ஒரே பெண்ணைச் சூழ்வது கியோனில் வாழ்பவர்களைக் கொதிக்கவைத்தது. 2019இல் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். அதிலும் அடங்காததால் 2024 வசந்தத்தில் அந்தச் சந்துகளுக்குள் நுழையவே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். நுழைந்தாலும் அதே 10,000 யென். ஹனமிகோஜி பொதுச் சாலை, அதில் தாராளமாக நடக்கலாம். அதிலிருந்து இரு பக்கமும் பிரியும் குறுகிய சந்துகள்தான் தனியாருடையவை. இன்றைக்கும் 'ரகசியச் சந்துகளுக்குள் அழைத்துப் போகிறோம்' என்று விளம்பரம் செய்யும் நடையை முதல் வரியிலேயே தள்ளிவிடலாம்.

எங்கள் தேர்வு பிற்பகல் மூன்று மணி. வெளிச்சம் இருக்கும்போதுதான் மரவேலை தெரியும். ஹனமிகோஜியின் தென்கோடியில் இருக்கும் கென்னின்ஜி மடமும் அப்போது திறந்திருக்கும். 1202இல் நிறுவப்பட்ட ஜென் மடம் அது. மாலை ஐந்துக்கு மூடிவிடும், நுழைவு நாலரையோடு முடியும். ஐந்தரைக்குத் தொடங்கும் நடையில் அதன் மதிலை மட்டுமே பார்ப்பீர்கள். கியோனின் தென்பாதி நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெய்ஜி காலம் வரை அந்த மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. மடத்துக்குள் நின்று கேட்டால்தான் அந்தக் கதை மனதில் நிற்கும்.

மாலை நடைதான் வேண்டும் என்றால் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ஜூன் கடைசியில் கியோட்டோவில் ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும். ஆறு மணி நடையில் விளக்கொளியைப் பார்க்கவே முடியாது. டிசம்பர் தொடக்கத்தில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதே ஆறு மணி நடையில் தட்டியும் திரையும் கறுப்பாகத் தெரியும். ஏப்ரல் தொடக்கத்தில் ஆறு இருபது, அக்டோபர் தொடக்கத்தில் ஐந்தே முக்கால் வாக்கில் மறைகிறது. மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கினால் இரண்டும் கிடைக்கும்.

மைகோவைப் பார்க்க வேண்டுமென்றால்

அரங்கத்துக்குப் போங்கள். ஏப்ரல் மாதம் முழுவதும் கியோன் கோபு கபுரென்ஜோ அரங்கில் மியாகோ ஒதோரி நடக்கிறது. 1872இல் தொடங்கிய ஆட்டவிழா. ஒரு காட்சி ஏறத்தாழ ஒரு மணி நேரம், நாளுக்குப் பல காட்சிகள். பருவம் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வரும். அங்கே ஆடப்படுவது இனோவே வழி ஆட்டம், அடக்கமும் நிதானமும் கொண்டது; கை அசைவைவிட அசையாத கணங்களில்தான் அதன் அழகு. பரதநாட்டியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தோன்றும். பொறுத்திருந்தால் பிடித்துவிடும். மே மாதம் பொன்தோச்சோவின் கமொகாவா ஒதோரி, நவம்பரில் கியோனின் இன்னொரு பகுதியான கியோன் ஹிகஷியின் கியோன் ஒதோரி.

இந்த மாதங்களில் வராதவர்களுக்கு கியோன் கார்னர் இருக்கிறது. ஹனமிகோஜியில் யசகா மண்டபத்தில் 1962 முதல் நடக்கும் இந்த நிகழ்ச்சியில் தேநீர்ச் சடங்கு, கோட்டோ இசை, மலரடுக்கு, கியோகென் நகைச்சுவை, பொம்மலாட்டம் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்குள் துண்டு துண்டாகக் காட்டுவார்கள்; மைகோ ஆட்டமும் அதில் ஒன்று. கலைப் பிரியர்கள் இதைக் குறைத்துப் பேசுவார்கள். முதல்முறை வருபவருக்கு இது போதும் என்பதே எங்கள் எண்ணம். தெருவில் துரத்திப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆடுகிறவரும் பார்க்கப்படுவதற்குச் சம்மதித்தே மேடையில் நிற்கிறார்.

பகல் இரண்டு மணிக்கு முழு ஒப்பனையோடு கோயில் வாசலில் நின்று படத்துக்கு முகம் காட்டுகிறவர் பெரும்பாலும் வாடகை உடை அணிந்த பயணி. மைகோக்கள் பகலில் பாடம் கற்கப் போகும்போது வெள்ளை ஒப்பனை போடுவதில்லை. சாதாரண கிமோனோவும், சொந்த முடியில் போட்ட கொண்டையும் மட்டும்தான். முதல் ஆண்டு மைகோவுக்குக் கீழுதட்டில் மட்டுமே சாயம். ஓபியின் அடிநுனியில் ஒகியாவின் சின்னம் இருக்கும். கொண்டைப் பூ மாதந்தோறும் மாறும்: ஏப்ரலில் செர்ரி, ஜூனில் வில்லோ. டிசம்பர் கொண்டையூசியில் தொங்கும் குட்டிப் பலகைகளில் கபுகி நாடக நடிகர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதே மாதம் மினாமிசா அரங்கத்தின் முகப்பில் நடிகர்களின் பெயர் எழுதிய பெரிய மரப்பலகைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தால் அந்தக் குட்டிப் பலகையின் பொருள் விளங்கும்.

வழிகாட்டி இல்லாமல் போனால்

ஒலிப்பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடக்கும் வேகம் ஒத்துப்போகாது, சந்துத் தடைக்கு முந்தைய பதிவாக இருந்தால் தப்பான இடத்தில் உள்ளே திரும்பச் சொல்லும். பதிவு எந்த ஆண்டினது என்று பாருங்கள். 2024க்கு முந்தையது வேண்டாம்.

வரைபடத்தோடு போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் பாதை இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கும். நின்று பார்த்து நடந்தால் இரண்டு மணி நேரம். கென்னின்ஜிக்குள் போக வேண்டுமென்றால் இரண்டரைக்கே தொடங்குங்கள். கெய்ஹான் ரயிலின் கியோன்-ஷிஜோ நிலையத்திலிருந்து வெளியே வந்து, ஷிஜோ பாலத்தின் கிழக்குக் கரையில், சாலைக்கு வடபுறம் இருக்கும் இசுமோ நோ ஒகுனி சிலையில் தொடங்குங்கள். 1603இல் கியோட்டோவில் இவர் ஆடிய ஆட்டத்திலிருந்துதான் கபுகி பிறந்தது. பெண் தொடங்கிய கலையில் 1629இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது. எதிரே நிற்பது மினாமிசா. 1600களின் தொடக்கத்தில் இந்த ஆற்றங்கரையில் அனுமதி பெற்ற ஏழு அரங்குகள் இருந்தன. இன்று மிஞ்சியது இது ஒன்றே, இப்போதைய கட்டடம் 1929இல் எழுந்தது.

அங்கிருந்து வடக்கே நவத்தேத் தெரு வழியாக ஷின்பாஷிக்குத் திரும்புங்கள். 1865 தீக்குப் பிறகு கட்டிய வீட்டு வரிசை இது. 1976 முதல் அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது. தெருக் கடைசியில் தட்சுமிப் பாலமும் ஷிரகாவா ஓடையும். ஓடையின் ஒரு கரையில் வீடுகள் தண்ணீரை ஒட்டி நிற்க, மறுகரை மரமும் நடைபாதையுமாகத் திறந்து கிடக்கும். ஆதியிலிருந்தே அப்படி அமைத்ததாகத் தோன்றும், இல்லை. 1945இல் குண்டுவீச்சுத் தீ பரவாமலிருக்க வடகரை வீடுகளை இடித்துவிட்டார்கள். வழிகாட்டி இல்லாமல் போகிறவர் தவறவிடும் விஷயம் இதுதான். இரவில் திரும்பி வர வேண்டிய இடமும் இதுவே: எட்டு, ஒன்பது மணிக்குக் கூட்டம் குறைந்து, மூங்கில் திரைக்குப் பின்னாலிருந்து விளக்கொளி தண்ணீரில் விழும்.

பிறகு தெற்கே ஷிஜோச் சாலையைக் கடந்து, மூலையில் செம்மண் நிறச் சுவரோடு நிற்கும் இச்சிரிகி ஒச்சாயாவைப் பார்த்துவிட்டு ஹனமிகோஜியில் நேரே கென்னின்ஜி வாசல் வரை நடங்கள். குறுக்குச் சந்து எதிலும் திரும்ப வேண்டாம்.

தவறு நடக்கும் இடங்கள்

கூடுமிடக் குழப்பம் முதலாவது. கெய்ஹானின் கியோன்-ஷிஜோ ஆற்றுக்குக் கிழக்கே. ஹான்க்யூவின் கியோட்டோ-கவராமச்சி மேற்கே, பாலம் தாண்டி ஐந்து நிமிட நடை. சுரங்க ரயிலின் ஷிஜோ நிலையமோ ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. 'ஷிஜோ நிலையம்' என்று மட்டும் நினைவில் வைத்து சுரங்க ரயிலில் இறங்கியவர் இருபது நிமிடம் தாமதமாவார். குழு நடை காத்திருக்காது. மாலையில் நகரப் பேருந்தையும் நம்ப வேண்டாம். யசகா கோயில் பக்கம் போகும் பேருந்துகள் நிரம்பி வழியும்.

உணவு சேர்ந்த நடை இன்னொரு சிக்கல். சைவம் சாப்பிடுவோர் 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் போதாது. டாஷி என்னும் அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த போனிட்டோ மீனில் செய்தது. காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறிலும், தோஃபு மேல் ஊற்றும் சாறிலும்கூட அது இருக்கும். முன்பதிவின்போதே 'மீன் டாஷியும் கூடாது, கொம்பு (kombu) என்னும் கடற்பாசி டாஷி ஆகலாம்' என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் உணவில்லாத நடையை எடுத்துக்கொண்டு, மடங்களின் ஷோஜின் சைவ உணவைத் தனியாக ஒரு மதியம் சாப்பிடுவது நல்லது.

தெருவில் புகைத்தால் 1,000 யென் அபராதம். குப்பைத் தொட்டி கண்ணில் படாது. பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், காற்றும் அசையாது. அந்த மாதங்களில் மட்டும் எங்கள் மூன்று மணிப் பரிந்துரையை விட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்கு நடங்கள்.

முதியவர்களோடு வருபவர்கள் நடையின் விவரத்தில் 'நினென்சகா', 'சன்னென்சகா' என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கியோன் சமதளம், கல் பாவிய தெரு, சக்கர நாற்காலி உருளும். அந்த இரண்டும் படிக்கட்டுத் தெருக்கள், பல நடைகள் இவற்றையும் கியோனோடு சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர் இருந்தால் கியோனோடு நிறுத்தும் நடையைத் தேடுங்கள். கென்னின்ஜிக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும். குளிர்காலத்தில் மரத்தரை சில்லென்று இருக்கும், கனமான காலுறை எடுத்துப்போங்கள்.

கியோன் கூட்டமே வேண்டாம் என்று தோன்றினால் வடமேற்கே கமிஷிச்சிகென் இருக்கிறது, கித்தானோ தென்மங்கு கோயிலை ஒட்டி. கியோட்டோவின் ஐந்து கலைஞர் வட்டாரங்களில் இதுவே மிகப் பழையது. ஒரே தெரு, அரை மணியில் நடந்து முடித்துவிடலாம், வழிகாட்டிக்குச் செலவு செய்யத் தேவையில்லை. மாதத்தின் 25ஆம் தேதி போனால் கோயில் சந்தையும் சேர்ந்து கிடைக்கும். கோடையில் அங்குள்ள கபுரென்ஜோ தோட்டத்தில் பீர்க் கூடம் திறப்பார்கள், மைகோக்கள் யுகத்தா என்னும் மெல்லிய கோடைக் கிமோனோ அணிந்து மேசைக்கு மேசை வந்து பேசுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.